ஊசிக்கும் நாள் பார்ப்போம்

நம்மவர் எவரேனும் கடல் கடந்து செல்லத் துணிந்தால் முதலிற் செய்வது நாள் பார்த்தலாகும். கரிநாள் கழித்து, மரணயோகம் விலக்கி, இராகுகாலம் தவிர்த்துச் சோதிடர் ஒரு சுபவேளையைக் குறித்துக் கொடுத்த பின்னரே பிரயாணச் சீட்டு வாங்கப்படுகின்றது. அதன் பின் பெட்டி அடுக்கும் படலம் தொடங்கும். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பினாட்டு, வடகம், பேரப்பிள்ளைக்கு அரைஞாண் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டி நிறையும். இவை யாவும் வேண்டியனவே. பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரின் அன்பு பெட்டியின் பாரத்திலேதான் தெரியும். ஆயினும், எந்தப் பஞ்சாங்கத்திலும் குறிக்கப்படாத நாட்கணக்கு ஒன்று உண்டு. அது தடுப்பூசிக் கணக்கு. அதனைக் குறித்தே இவ்வாரம் வாசகர்களோடு சிறிது பேச விரும்புகின்றோம்.

ஊசி போட்டுக்கொண்ட அன்றே உடம்புக்குக் காப்புக் கிடைத்துவிடுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. மருந்து உட்சென்ற பின்னர் நமது இரத்தம் அந்நோயை இனங்கண்டு, அதற்கெதிரான படைக்கலங்களை ஆக்கிக்கொள்ள நாட்கள் செல்லும். நெருப்புக் காய்ச்சலுக்கான ஊசியைப் பிரயாணத்துக்கு இரண்டு வாரங்கட்கு முன்னரேனும் போட்டுக்கொள்ள வேண்டும். செங்கண்மாரியை உண்டாக்கும் ஈரல் அழற்சி 'ஏ' வகைக்கான ஊசிக்கும் அவ்வாறே இரண்டு வாரம் இருப்பது நன்று. மக்காவுக்குச் செல்லும் இஸ்லாமியச் சகோதரர்கள் மூளைக் காய்ச்சல் ஊசியைப் பத்து நாட்கட்குக் குறையாமல் முன்னதாகவே போட்டிருத்தல் வேண்டுமெனச் சவூதி அரசு விதித்துள்ளது. 1987 ஆம் ஆண்டு ஹஜ் யாத்திரிகரிடையே அக்காய்ச்சல் பரவியது. அவர்கள் ஊர் திரும்பியபோது அந்நோயும் உடன் சென்று பல நாடுகளிற் பரவியதை உலகம் மறக்கவில்லை. மஞ்சட் காய்ச்சல் ஊசிக்கும் பத்து நாட் கணக்கு உண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே அதன் சான்றிதழ் செல்லுபடியாகும். அதற்கு முதல் நாள் காட்டினாலும் அது வெறுங் கடதாசியே.

இப் பத்து நாட் கணக்கு ஒரு குடும்பத்தில் என்ன செய்தது என்பதைக் கூறுகின்றோம்.

நமக்கு நெருங்கிய நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 62. அவருடைய ஒரே மகள் கணவனோடு உகண்டா நாட்டிலே, கம்பாலா நகரில் வாழ்கின்றாள். அவளுக்குத் தலைப்பிரசவம். தாய் அருகிருக்க வேண்டுமென்பது மகளின் விருப்பம். தாய்க்கோ அதனைவிடப் பெரிய விருப்பம் வேறில்லை. வைத்தியர் குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகச் சென்றடையும் வண்ணம் நல்ல நாள் பார்த்துச் சீட்டு வாங்கினார்கள். காயம் இடித்து, சரக்குத்தூள் வறுத்து, பழஞ்சேலைகளைத் தோய்த்து மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். புறப்பட இரண்டு வாரம் இருக்கையில் விசாவுக்கு விண்ணப்பிக்க அமர்ந்தபோதுதான் மஞ்சட் காய்ச்சல் சான்றிதழையும் சேர்க்குமாறு விண்ணப்பம் கேட்டது. சீட்டு விற்றவர் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நண்பரும் மனைவியாரும் இரவு புகைவண்டியேறிக் கொழும்பு சென்றார்கள். ஆயினும் காரியம் உடனே முடியவில்லை. 60 வயதைக் கடந்தவர்கள் முதன்முறையாக இவ்வூசியைப் போட்டுக்கொள்ளும்போது, மிக அரிதாகவேனும் கடுமையான விளைவுகள் ஏற்படக்கூடும். ஆகவே வைத்தியர் அவருடைய பழைய நோய்களையும் உட்கொள்ளும் மருந்துகளையும் துருவித் துருவி விசாரித்து, அவரை வழமையாகப் பார்க்கும் வைத்தியரின் கடிதம் ஒன்று கொண்டுவரும்படி கூறினார். அது வைத்தியரின் கடமை. நாம் குறை காண்பதற்கில்லை. கடிதம் பெற்று மீண்டும் சென்று ஊசி போட்டுக்கொண்டபோது, புறப்படுவதற்கு ஆறு நாட்களே எஞ்சியிருந்தன. சான்றிதழ் உயிர்பெறும் நாளைக் கணக்கிட்டு, விசாவுக்கும் காத்திருந்து, பிரயாணத்தை எட்டு நாட்கள் தள்ளிவைத்தார்கள்.

குழந்தை தாத்தாவுக்கும் பாட்டிக்கும் காத்திருக்கவில்லை. குறித்த நாளுக்கு முன்னரே பிறந்துவிட்டது. தாயும் சேயும் நலம் என்ற செய்தி வந்தபோது நண்பரின் மனைவியார் கட்டிவைத்த பெட்டிக்கருகில் அமர்ந்திருந்தார். "நல்லபடி பிறந்ததே போதும்" என்று பிறருக்குச் சொன்னார். ஆனால், மகள் நோவுற்ற வேளையிலே அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கத்தை அவர் முகத்திலே நாம் கண்டோம். சீட்டை மாற்றுவதற்கு இறுத்த தண்டப் பணத்தை நண்பர் மறந்துவிட்டார். இதனை அவர் மனைவியார் மறப்பாரல்லர்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு?

ஓர் ஊசிக்காக இவ்வளவு கெடுபிடியா என்று சிலர் சினங்கொள்ளக்கூடும். ஏதோ உத்தியோகத்தர்கள் பயணிகளை அலைக்கழிக்கச் செய்த ஏற்பாடு என்றும் நினைக்கக்கூடும். மஞ்சட் காய்ச்சல் ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் வேரூன்றிய நோய். பெரும்பாலோர்க்குச் சில நாட் காய்ச்சலோடு நீங்கிவிடும். சிலருக்கு மாத்திரம் முற்றி, ஈரலைத் தாக்கிக் கண்ணும் மேனியும் மஞ்சளாகும். அந்நிலையை அடைந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறக்கின்றனர். அதனை வேரோடு மாற்றும் மருந்து கிடையாது. ஆனால், தடுப்பதற்கோ அருமையான மருந்து உண்டு. மாக்ஸ் தைலர் என்னும் அறிஞர் 1937 இல் உருவாக்கிய மருந்து அது. அதற்காக 1951 இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. முன்னர் இவ்வூசி பத்து ஆண்டுகட்கே போதுமென்றிருந்தது. 2016 ஆம் ஆண்டு யூலை மாதம் தொடக்கம் ஒருமுறை பெற்ற சான்றிதழ் ஆயுட்காலம் முழுவதும் செல்லும்.

அந்நோயைப் பரப்பும் நுளம்பு எது தெரியுமா? நமது முற்றத்துச் சிரட்டையிலும் பூச்சாடித் தட்டிலும் பெருகி டெங்குக் காய்ச்சலைத் தரும் அதே நுளம்புதான். நுளம்பு இங்கே ஆயத்தமாக இருக்கின்றது. நோய் மாத்திரம் இன்னும் வந்து சேரவில்லை. ஆசியாக் கண்டத்தில் மஞ்சட் காய்ச்சல் இதுவரை வேரூன்றியதில்லை. 2016 இல் அங்கோலா நாட்டிலே அக்காய்ச்சல் பரவியபோது, அங்கு தொழில் புரிந்து சீனாவுக்குத் திரும்பிய 11 பேர் அதனைத் தம்மோடு கொண்டுசென்றனர். நல்லகாலமாக அங்கு அது பரவவில்லை. ஆகவே, மஞ்சட் காய்ச்சல் நாடுகளிலிருந்து வருவோரிடம், ஒன்பது மாதக் குழந்தை முதலாக, நமது அரசு அச்சான்றிதழைக் கேட்பது அவர்களை வருத்துவதற்கன்று. இங்கே இருக்கும் நம்மனைவரையும் காப்பதற்கே. கடவுச்சீட்டு நம்மை இன்னாரென்று சொல்கின்றது. ஊசிச் சான்றிதழோ நம்மால் பிறர்க்குக் கேடில்லை என்று சொல்கின்றது.

இது நமக்குப் புதிய வழக்கமும் அன்று. தலைமன்னாரிலிருந்து கப்பலேறித் தனுக்கோடியில் இறங்கிய காலத்தைப் பெரியோர் நினைவுகூர்வர். 1964 டிசம்பர்ப் புயல் அப்பாதையை அழிக்கும் வரையில், அம்மைப்பால் குத்திய சான்று பயணிகளுக்குத் தெரிந்த பத்திரமாகவே இருந்தது. மலைநாட்டுத் தோட்டங்கட்கு வந்த தொழிலாளர் மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். அவர்கள் அங்கு பட்ட இன்னல்கள் தனிக்கதை. எனினும், உலக நாடுகள் யாவும் அம்மைப்பால் குத்துவதில் ஒன்றுபட்டு நின்றமையாலன்றோ பெரியம்மை என்னும் பேய் உலகை விட்டே ஓடிற்று! 1977 இல் சோமாலியா நாட்டிற் கண்டதே இயற்கையாகத் தொற்றிய கடைசி நோய். 1980 இல் அது முற்றாக ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று எவரும் அச்சான்றைக் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாமற் போனதே அதன் வெற்றி.

திரும்பி வந்த பின்னரும்

நண்பரின் கதை இன்னும் முடியவில்லை. உகண்டா மலேரியா மிகுந்த நாடு. மலேரியாவுக்கென அங்குள்ள குழந்தைகட்கு இக்காலத்தில் ஊசி உண்டாயினும், நம்மைப் போன்ற பயணிகட்குக் குளிசையும் நுளம்புவலையுமே காப்பு. நமது மலேரியாத் தடை இயக்கத்தார் அக்குளிசைகளை இலவசமாகவே வழங்குகின்றனர். குளிசைகள் பலவகை. ஒரு வகையைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே தொடங்க வேண்டும். வேறு வகைகளை ஓரிரு நாள் முன்னர் தொடங்கினாற் போதும். திரும்பிய பின் சிலவற்றை நான்கு வாரமும், ஒன்றை ஏழு நாளும் தொடர வேண்டும். கருவுற்ற பெண்கட்கும் சிறு பிள்ளைகட்கும் ஒவ்வாத வகைகளும் உள. எனவே, அயல் வீட்டார் உண்டு மிஞ்சியதை வாங்கி விழுங்குதல் பேதைமை. யாருக்கு எது என்பதை வைத்தியரே தெரிவு செய்ய வேண்டும்.

நண்பரும் மனைவியாரும் கம்பாலாவில் ஒரு நாளும் தவறாமற் குளிசை உண்டனர். ஊர் திரும்பிய பின்னரும் நான்கு வாரம் உண்ணுமாறு இருவருக்கும் சொல்லப்பட்டிருந்தது. மனைவியார் நாட்காட்டியிலே கோடிட்டு ஒழுங்காக உண்டு வந்தார். நண்பரோ, "நம்முடைய வீட்டுக்கே வந்துவிட்டோம், இனி எதற்கு?" என்று புட்டியை மூடி வைத்துவிட்டார். பன்னிரண்டாம் நாள் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் கண்டது. மாரி காலமாகையால் டெங்கு என்றே வீட்டார் பயந்தனர். வைத்தியசாலையில், "நாம் உகண்டாவுக்குப் போய் வந்தோம், ஐயா" என்று மனைவியார் சொன்ன அந்த ஒரு வார்த்தையே நண்பரின் உயிரைக் காத்தது. உடனே இரத்தத்தைச் சோதித்தார்கள், மலேரியா வெளிப்பட்டது. தக்க சிகிச்சையினால் அவர் தேறினார். மனைவியாருக்கு ஒன்றுமில்லை.

அதன் பின் நிகழ்ந்ததே நம்மைச் சிந்திக்க வைத்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மலேரியாத் தடை இயக்கத்தாரும் அவ்வொழுங்கைக்கு வந்து, அயலவர் பலரின் இரத்தத்தைச் சோதித்தனர்; கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் நுளம்புக் குடம்பிகளைத் தேடினர். "ஒருவருடைய காய்ச்சலுக்கு ஊரையே குத்துவானேன்?" என்று சிலர் முணுமுணுத்தனர். அவர்கட்கு நாம் சொல்ல வேண்டியது நமது நாட்டின் சரித்திரத்தையே.

1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது. பின்னர் நுளம்பொழிப்பு வேலைகள் மும்முரமாக நடைபெற, 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். ஒழிந்தது என்று எண்ணிக் கைகளைத் தளரவிட்டோம். அவ்வாண்டுகளின் பிற்பகுதியிலேயே நோய் இலட்சக்கணக்கானோரைத் திரும்பப் பற்றிக்கொண்டது. மறுபடியும் பல்லாண்டு பாடுபட்டு, 2012 ஒக்டோபரோடு உள்நாட்டில் தோன்றும் மலேரியாவுக்கு முடிவு கண்டோம். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் நமக்கு வழங்கியது. ஆனால் 2018 இல், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக இங்குள்ள ஒருவருக்கு நோய் தொற்றியது. போதாக்குறைக்கு, இந்திய நகரங்களிலே கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிட்டு மலேரியா பரப்பும் நுளம்பினம் ஒன்று 2016 இன் இறுதியில் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. கிணறில்லாத வளவு நம்மூரில் ஏது? தனி மனிதர் ஒருவர் மூடி வைத்த குளிசைப் புட்டி ஓர் ஊரின் கவலையாக மாறுவது இவ்வாறுதான்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

வெளிநாடு செல்ல எண்ணும் குடும்பத்தினர், சீட்டு வாங்குமுன்னரே, அல்லது வாங்கிய அன்றே, வைத்தியரைக் காண வேண்டும். ஆறு தொடக்கம் எட்டு வாரம் கையிலிருப்பது நன்று. செல்லும் நாட்டின் பெயரை மாத்திரம் கூறினாற் போதாது. இடையில் எந்த நாட்டில் விமானம் மாறுகின்றது, அங்கே எவ்வளவு நேரம் தங்க நேரும், நகரத்திலா கிராமத்திலா வாசம் என்பனவற்றையும் சொல்ல வேண்டும். வழியில் தங்கும் நாட்டைப் பொறுத்தும் சான்றிதழ் கேட்கப்படலாம். மஞ்சட் காய்ச்சல் ஊசி எல்லா வைத்தியசாலைகளிலும் கிடைப்பதில்லை. அதற்கென நியமிக்கப்பட்ட இடங்களுள் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் முதன்மையானது. வெளியூரிலிருந்து செல்வோர் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துச் செல்க.

பிள்ளைகள் பிறந்தபோது குடும்பநல மாது தந்த தடுப்பூசிப் பதிவேட்டைத் தேடி எடுத்துச் செல்க. சின்னமுத்து நம் நாட்டில் ஒழிந்ததென 2019 இல் அறிவிக்கப்பட்டும் 2023 இல் திரும்பத் தலைகாட்டியது. ஆகவே பிள்ளைகட்கும் பெரியோர்க்கும் அவ்வூசி முற்றாகப் போடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். இங்கும் ஒரு நாட்கணக்கு உண்டு. சின்னமுத்து ஊசியும் மஞ்சட் காய்ச்சல் ஊசியும் வலுவிழந்த உயிர்க் கிருமிகளால் ஆனவை. இரண்டையும் ஒரே நாளிற் போடாவிடின் நான்கு வாரம் இடைவெளி விடுமாறு வைத்தியர் கூறுவர். கருவுற்றவர்கள், கைக்குழந்தைகள், முட்டை ஒவ்வாதவர்கள், நோயெதிர்ப்புக் குன்றியவர்கள் ஆகியோரைப் பற்றி ஒன்றும் மறையாமற் சொல்லுதல் அவசியம்.

காசி, இராமேசுவரம், சிதம்பரம் என்று இந்தியாவுக்கு யாத்திரை செல்வோர் நம்மிடையே பலர். இங்கிருந்து நேரே செல்வோர்க்கு மஞ்சட் காய்ச்சல் ஊசி வேண்டியதில்லை. ஆயினும் நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி ஆகியவற்றுக்கான ஊசிகளைப் பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். செல்லும் இடத்தில் மலேரியா உண்டா என்றும் கேட்க வேண்டும். ஊசியிருந்தாலும் கொதித்தாறிய நீரையே அருந்துக. வீதியோரப் பனிக்கட்டிச் சர்பத்தை விலக்குக. வயிற்றோட்டம் கண்டால் உடனே கரைத்துக் கொடுக்கச் சில ஜீவனிப் பொட்டலங்கள் கைவசம் இருக்கட்டும். கோயிற் குரங்குகட்குப் பழம் கொடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். குரங்கோ நாயோ கடித்தால், பிறாண்டினால், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஊர் திரும்பிய பின் பார்ப்போம் என்றிருத்தல் உயிருக்கே ஆபத்து.

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் மருந்துண்ணும் முதியோர், பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்கு அதிகமான மருந்தை வைத்தியரின் சீட்டோடு கைப்பையிலே வைத்திருக்க வேண்டும். பெட்டி வழிதவறினாலும் மருந்து தவறக்கூடாது.

இறுதியாக ஒன்று. திரும்பி வந்த ஓராண்டுக்குள் காய்ச்சல் எப்பொழுது கண்டாலும், "நாம் இன்ன நாட்டுக்குப் போய் வந்தோம்" என்பதை வைத்தியருக்கு முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மலேரியாவைக் கண்ணாற் காணாத இளம் வைத்தியர்கள் இன்று பலர். அது நமது நாட்டின் நற்பேறு. அவர் கேட்கட்டும் என்று காத்திராது நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகள் உலகின் நாலா திசைகளிலும் சிதறி வாழும் சமூகமாகிவிட்டோம். பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் காடாத்துக்கும் விமானமேற வேண்டியவர்களாகிவிட்டோம். விடுமுறைக்குப் புறப்பட எண்ணியிருக்கும் இல்லத்தரசியர் இவ்வாரமே நாட்காட்டியை எடுத்து, பயண நாளிலிருந்து பின்னோக்கி எட்டு வாரம் எண்ணி, அந்நாளுக்கு ஒரு வட்டம் இடட்டும். சோதிடர் குறித்த சுபவேளைக்கு அதனால் யாதொரு குறையும் வராது.